இரண்டு பேருக்கு ஒரு காப்பி மிஷின்

ராமசுப்புவின் மனைவி பூங்கொடி புனேக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. மகள் பொன்மணிக்குப் பிரசவம் பார்க்கத்தான் போனாள். சீக்கிரம் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. பேரன் பிறந்தான். மகளுக்கு லீவு முடிந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. தலை நிற்கட்டும் என்றார்கள். தவழட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கோவில்பட்டியில் ராமசுப்பு தனியாக இருந்தார். எட்டயபுரம் ரோட்டில் அவருக்கு உளுந்து, பாசிப்பயறு கமிஷன் கடை. தை, மாசியில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கமிருந்தும் குளத்தூர்ப் பக்கமிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும்போது பேசுவதற்கு ஆள் இருக்கும். மற்ற மாதங்களில் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான். பொழுது சாய்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு வந்து வீட்டைத் திறப்பார். காலையில் நாற்காலியில் போட்ட துண்டு போட்ட மாதிரியே கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். முதலில் மகள் பேசுவாள். பிறகு பேரனின் காதில் ரிசீவரை வைப்பார்கள். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். கடைசியில் பூங்கொடி வந்து, "சாப்ட்டீங்களா? மாத்திர போடுதீங்களா?" என்பாள். "போடுதேன்" என்பார். அதற்குள் அங்கே குக்கர் சத்தம் போடும், அல்லது பிள்ளை எதையாவது தள்ளிவிடும். வைத்துவிடுவாள்.

அவளைத் தேடுவது ராமசுப்புவுக்குக் காலைக் காப்பியில்தான் ஆரம்பித்தது. பூங்கொடி வாரத்துக்கு ஒருமுறை மெயின் ரோட்டில் நல்லக்கண்ணு கடையில் கண்முன்னால் தூள் அரைத்து வாங்கி வருவாள். அவள் வாங்குகிற அதே அளவையே அவரும் வாங்கினார். குறைத்துக் கேட்க வாய் வரவில்லை. ஒருத்தர் குடித்து அந்தத் தூள் எப்போது தீர்வது? முதல் இரண்டு மூன்று நாள் மணக்கும். பிறகு நாளுக்கு நாள் மணம் இறங்கி, கடைசியில் மரத்தூளைக் கொதிக்க வைத்த மாதிரி இருக்கும். பாட்டிலை மாற்றிப் பார்த்தார். மூடிக்கடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கிப் பார்த்தார். தூளில் தப்பில்லை, குடிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் போடுவதையே விட்டுவிட்டார். தெருமுனை டீக்கடைக்குப் போனார். அங்கே தினம் யாராவது ஒருவர், "வீட்டுல எப்ப வாராவ அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அதனால் கொஞ்ச நாளில் அங்கே போவதையும் நிறுத்திவிட்டார். காலையில் ஒரு தம்ளர் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் கடைக்குப் போவார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு முந்திக்கொண்டு பூங்கொடியே பேசினாள்.

"பங்குனித் திருழாவுக்கு வாரேன்."

"நெசமாத்தானா?"

"டிக்கெட்டு போட்டாச்சு. மாப்பிளயோட அம்மா வந்து பிள்ளையப் பாத்துக்கிடுதாவளாம். சாத்தூர்க்காரக் குடும்பம் ஒண்ணு ஊருக்கு வருது, அவியளோட வந்துருவேன். செண்பகவல்லி அம்மனப் பாக்கணும். நம்ம வீட்டுக் காப்பி குடிக்கணும். இங்கன தெனமும் அந்த இன்ஸ்டன்ட் தூளுதான். சுடுதண்ணியில கலக்கிக் குடிச்சிட்டு எல்லாரும் ஓடுதாங்க. எனக்கு நாக்குச் செத்துப்போச்சு."

போனை வைத்த பிறகு ராமசுப்பு அடுக்களைக்குப் போய்த் தூள் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அடியில் கிடந்ததை முற்றத்துச் செடிக்குக் கொட்டினார். அவள் வரும்போது அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரைக்கிற மாதிரி வீட்டில் ஒரு மிஷின் இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தார். அதோடு இன்னொன்றும் நினைத்தார். வீடு வீடாக இருந்தால் வந்தவள் இருந்துவிடவும் கூடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். விற்பனைப் பையன் உள்ளங்கைக்குள் அடங்குகிற கரண்டு மிஷின் ஒன்றை எடுத்து வைத்தான். பொத்தானை அமுக்கினால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் தூள் என்றான். வாங்கி வந்து, நல்லக்கண்ணு கடையில் வறுத்த கொட்டை வாங்கிப் போட்டு அமுக்கினார். சாயங்கால நேரம், வோல்டேஜ் குறைவு. மிஷின் முனகிக்கொண்டே சுற்றியது. மூடியைத் தொட்டால் சுட்டது. தூளைத் தாளில் கொட்டினால் பாதி மாவு, பாதி குருணை. பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் இறங்கியது. டிகாக்ஷன் நிறமே பிடிக்கவில்லை, தம்ளருக்கடியில் சேறு மாதிரி வண்டல் தங்கியது.

கடை வேலையாகப் பருப்பு மில்களில் பாதி வாழ்நாளைக் கழித்தவருக்கு விஷயம் புரிந்தது. உள்ளே இருப்பது பிளேடு. அது கொட்டையை அரைக்கவில்லை, அடித்து நொறுக்குகிறது. அடிபட்டது தூளாகிறது, தப்பித்தது குருணையாக நிற்கிறது. மிஷினை மிளகு பொடிக்க வைத்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் தூக்கி வைத்தார்.

அடுத்த நாள் நல்லக்கண்ணுவிடமே போய்க் கேட்டார். நல்லக்கண்ணு அவரைவிடச் சில வயது இளையவர், காப்பிக் கொட்டை மாதிரியே நிறம்.

"வீட்டுல அரைக்க மிஷினா? அப்ப எங் கடையப் பூட்டிருவமா அண்ணாச்சி?" என்று சிரித்தார்.

"கொட்டை உம்மகிட்டதானய்யா வாங்கப் போறேன்."

"எத்தன பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

தராசில் கையை வைத்திருந்த நல்லக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "மதினி வந்துட்டாவளா?"

"வாராவ. திருழாவுக்கு."

"அப்பிடிச் சொல்லுங்க" என்று நல்லக்கண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கையால சுத்துறது வாங்குங்க. ரெண்டு பல்லுத் தட்டு ஒண்ணோட ஒண்ணு உரசி அரைக்கணும். கரண்டுலயும் அப்பிடி இருக்கு, ஆனா அது கடைக்கு வைக்கிற சைசு, வீட்டுக்கு ஆகாது. இங்கன கெடைக்காது, மதுரைக்குப் போங்க. இந்தாங்க, கொட்டைய கையோட கொண்டு போயி அங்கனயே அரைச்சுப் பாத்து வாங்குங்க. பாக்காம எதையும் வாங்காதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி போனுக்கு வந்ததும் ராமசுப்பு கேட்டார்: "ஒனக்கு அந்த வலது தோளு வலி இருந்துச்சே, இப்ப எப்பிடி இருக்கு?"

"என்ன திடீர்னு?"

"சும்மாதான் கேக்குதேன்."

"அது போன மழைக்காலத்துல தூக்க முடியாமப் போயி, ஊசியெல்லாம் போட்டு இப்ப பரவால்ல. ஒங்ககிட்டச் சொல்லலயா நானு?"

"இல்லியே."

"சொல்லிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவள் கையைத் தூக்க முடியாமல் இருந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போட்டீங்களா என்று அவரைக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறாள். அன்று பகல் முழுவதும் ராமசுப்புவுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றி மூன்று கடை ஏறி இறங்கினார். நாலாவது கடையில் கை மிஷின்கள் இருந்தன. கடைக்காரர் முதலில் மரப்பெட்டி வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். மேலே பித்தளைக் கிண்ணம், கீழே தூள் விழச் சின்ன இழுப்பறை. பார்க்க அழகாக இருந்தது.

"வீட்டுக்குன்னா எல்லாரும் இதத்தான் சார் வாங்குறாங்க."

"இத எப்படிச் சுத்துறது?"

"மடியில இடுக்கிக்கிட்டு சுத்த வேண்டியதுதான்."

ராமசுப்பு கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். நடுத்தண்டு லொடலொடத்தது. இப்போதே இப்படி ஆடினால் தூள் ஒரு பக்கம் நைசாகவும் ஒரு பக்கம் கரகரப்பாகவும்தான் விழும். அதோடு, தோளுக்கு ஊசி போட்டவள் மடியில் இடுக்கிக்கொண்டு சுற்றுவதாவது. வேண்டாம் என்றார்.

அடுத்தது அலுமினியம். கைக்கு லேசாக இருந்தது. தட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னார். பல்லும் உடம்பும் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் மிஷினையே தூக்கிப் போட வேண்டியதுதான். அதையும் தள்ளி வைத்தார். கடைக்காரர் கொஞ்சம் சலித்துக்கொண்டு உள்ளே போய், தூசி படிந்த வார்ப்பிரும்பு மிஷின் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜை விளிம்பில் கவ்விப் பிடிக்கிற மாதிரி அடியில் திருகு. பல் தட்டு தனி, மாற்றுத் தட்டும் கிடைக்கும் என்றார். முன்பக்கம் இருந்த திருகை முறுக்கினால் தூள் நைசாகும், தளர்த்தினால் பெருசாகும். ராமசுப்புவுக்கு முக்கியமாகப் பட்டது கைப்பிடிதான். மற்றவற்றை விட அது நீளம். ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது.

நல்லக்கண்ணு கொடுத்த கொட்டையைப் போட்டு அரைத்துப் பார்த்தார். தூளைக் கடைவாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் பரப்பி, விரலால் தேய்த்தார். ரவை மாதிரி ஒரே சீராக இருந்தது. சூடு இல்லை.

"இது எத்தன வருசம் வரும்?"

"ஒங்களுக்குப் பிறகும் வரும் சார்" என்றார் கடைக்காரர், பாராட்டுகிற தொனியில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அட்டைப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல், வெயிலில் பிளந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பெட்டியில் என்ன என்று கேட்டாள். ராமசுப்பு சொல்ல ஆரம்பித்தார். பல் தட்டு, திருகு, கைப்பிடியின் நீளம், மனைவியின் தோள் வலி, அவள் வரப் போவது எல்லாவற்றையும் சொன்னார். பேச்சை நிறுத்தியபோது பஸ் நல்லி தாண்டியிருந்தது. இவ்வளவு நேரம் ஒரே மூச்சாக ஒருவரிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்து அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. மீதி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அடுக்களைக் கல்மேடை மிஷினின் கவ்விக்கு அடங்கவில்லை. பின்னறையில் கிடந்த மகளின் படிப்பு மேஜையைத் துடைத்து அடுக்களை ஜன்னலருகே கொண்டுவந்து போட்டு அதில் பூட்டினார். புது இரும்பின் எண்ணெய் போக, முதலில் பச்சரிசியைப் போட்டு அரைத்து அரைத்துக் கீழே கொட்டினார். பிறகு தினம் காலையில் கொட்டை அரைத்தார். திருகை ஒரு நாள் இறுக்கினார், டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு நாள் தளர்த்தினார், வெளுத்துப் போனது. ஒரு ஆளுக்குப் போட்டால் பில்டரில் தூளின் கனம் போதவில்லை. அதனால் இரண்டு பேருக்குப் போட்டுத்தான் பழகினார். இரண்டாவது தம்ளரை மூடி வைத்து, கடையிலிருந்து மத்தியானம் வந்து ஆறியதைக் குடித்தார்.

பங்குனியில் ஒரு விடியற்காலை பூங்கொடி வந்து இறங்கினாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.

"என்ன பாக்குதீங்க? பிள்ள பிடிச்சு இழுக்கான். அதான் வெட்டிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மேஜையையும் மிஷினையும் பார்த்தாள். ராமசுப்பு கொட்டையைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். மணம் எழுந்து அடுக்களை நிறைந்தது. பூங்கொடி பையைக் கீழே வைக்காமலே நின்றாள். காப்பியைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வாய்க்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"நான் போட்டதவிட நல்லாருக்கு" என்றாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் ராமசுப்புவுக்கு வேகமாகப் போயின. காலையில் பூங்கொடியே மிஷினைச் சுற்றினாள். கை வலிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்பாள். அவளைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் பெருமாயிக்கு மிஷினைக் காட்டி, "இவிய மதுரைக்குப் போயி வாங்கியாந்திருக்காவ. தனக்குன்னு ஒரு வேட்டி வாங்க மதுரைக்குப் போனவியளா இவிய?" என்று சொல்லிச் சிரித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் புதிதாக அரைத்துக் காப்பி போட்டாள். கோவிலுக்குத் தேரோட்டம் பார்க்க இருவரும் சேர்ந்து போனார்கள். ராமசுப்பு கடைக்குக் காலையில் தாமதமாகப் போய், சாயங்காலம் வெயில் இருக்கும்போதே திரும்பி வந்தார். தெருவில் திரும்பும்போது வீட்டு ஜன்னல் திறந்திருப்பது தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, பூங்கொடி மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராமசுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். இனிமேல் போக வேண்டாமே என்று ஒரு வார்த்தை. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். வந்தன்னைக்கே சொல்லிருக்கணும். மனசு வரல."

"சொல்லு."

"பொன்மணி மறுபடி முழுகாம இருக்கா."

ராமசுப்பு ஜன்னல் பக்கம் பார்த்தார். "நல்ல விசயந்தான்" என்றார்.

"இது பெறந்து, இதையும் வளத்து விடணும். அவ வேலைய விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கு. மாப்பிளயோட அம்மாவும் ஒரு மாசத்துக்கு மேல இருக்க மாட்டாவ." துணியை மடித்தாள். "இன்னொண்ணு. இந்த மிஷின நான் கொண்டு போகட்டுமா?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "இதையா?"

"அங்கன எனக்குன்னு ஒண்ணுமில்லங்க. அடுப்பு அவ அடுப்பு, பாத்திரம் அவ பாத்திரம். எந்தத் தட்டு எங்கன இருக்கணும்னு அவதான் சொல்லுவா. தப்பா சொல்லல, அவ வீடு. காலையில எல்லாரும் போன பெறகு பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு நான் பாட்டுக்கு இதச் சுத்திக்கிட்டு, ஒரு காப்பி போட்டுக் குடிச்சேன்னா, எனக்குன்னு ஒரு வேல இருந்த மாதிரி இருக்கும்."

இரண்டு பேருக்கென்று கேட்டு, அரைத்துப் பார்த்து, தள்ளித் தள்ளித் தேர்ந்து வாங்கிய மிஷின். அவள் இருந்துவிடட்டும் என்று வாங்கியது. கேட்க நினைத்திருந்த வார்த்தையை இனி கேட்பதில் அர்த்தம் இல்லை என்று ராமசுப்புவுக்குத் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போ" என்றார்.

"நீங்க என்ன செய்வீங்க?"

"எனக்கென்ன, கடையில தூள் வாங்கிக்கிடுதேன்."

"நீங்களும் அங்க வந்துருங்களேன். கடைய யாருக்காவது விட்டுட்டு."

"அங்கன வந்து நான் என்ன செய்ய? பாஷை தெரியாது. ஒரு மனுசர் பழக்கமில்ல. வராந்தாவுல உக்காந்து போற வார வண்டியப் பாத்துக்கிட்டு கெடக்கணும்."

பூங்கொடி அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. "நானும் அதத்தான செய்யுதேன்" என்றாள்.

இந்த இரண்டு வருஷமும் அவள் பிள்ளையும் மகளுமாக நிறைந்த வீட்டில் இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். தான் மட்டுமே தனி என்று நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் ஸ்பேனர் எடுத்து வந்து கவ்வியைத் தளர்த்தினார். பாகம் பாகமாகக் கழற்றிப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்து, எது முதலில், எது அடுத்து என்று பூட்டிக் காட்டச் சொன்னார். அவள் இரண்டு தடவை தப்பாகப் பூட்டினாள், மூன்றாவது தடவை சரியாக வந்தது. மிஷினோடு வாங்கியிருந்த மாற்றுத் தட்டையும் பெட்டியிலேயே வைத்தார்.

ஸ்டேஷனில் சாத்தூர்க்காரர்கள் ஏற்கனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ராமசுப்பு பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளி வைத்தார். "அடியில வச்சா யாரும் எட்டி ஒதைச்சிரப் போறாவ" என்று பூங்கொடி அதை இழுத்துத் தன் காலருகே வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது மாத்திரையைப் பற்றி ஏதோ சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

அவள் போன பிறகு வீடு பழையபடி ஆனது என்று சொல்ல முடியாது. முன்பு அது பழகிப்போன வெறுமையாக இருந்தது. இப்போது காலையில் எழுந்ததும் கை தானாகக் கொட்டை டப்பாவைத் தேடியது. டப்பாவில் கொட்டை மீதி இருந்தது. அரைக்க மிஷின் இல்லை. அலமாரியிலிருந்த கரண்டு மிஷினை அவர் எடுக்கவில்லை. முன்பு போலப் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. புதன்கிழமை அவள் பேசுவதே இல்லை. ராமசுப்பு பதறிப்போய், "என்ன? பிள்ளைக்கு ஒண்ணுமில்லியே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. மிஷின் சுத்த மாட்டேங்குது. பாதியில பிடிச்சுக்கிடுது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "முன்னால திருகு இருக்குல்லா, அத இடது பக்கம் கொஞ்சம் தளத்து."

"தளத்திட்டேன்."

"இப்ப கைப்பிடியப் பின்னால ஒரு சுத்து சுத்து. கொட்டை எதும் மாட்டிருக்கும், விழுந்துரும். பெறகு முன்னால சுத்து."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் கரகரவென்று கொட்டை நொறுங்கும் சத்தம். அவள் மெதுவாகத்தான் சுற்றினாள். இடையில் நிறுத்தித் தோளை ஆற்றிக்கொண்டு மறுபடி சுற்றுவது அவருக்குத் தெரிந்தது. கடை வாசலில் மூட்டைக்காரர் ஒருவர் வந்து நின்றார். ராமசுப்பு கையால் அவரை உட்காரச் சொன்னார்.

"சரியாப் போச்சு" என்று பூங்கொடி மூச்சு வாங்க வந்தாள். "கடைக்கு யாராவது வந்திருக்காவளா? வச்சிரட்டுமா?"

"யாரும் வரல. நீ பேசு."

அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். தூறல் என்றாள். இங்கே இன்னும் ஒரு சொட்டு இல்லை என்றார். கீழ்வீட்டில் ஒரு தெலுங்குக்காரப் பெண் இருப்பதாகவும், காப்பி மணத்துக்கு மேலே ஏறி வந்து கதவைத் தட்டியதாகவும், ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது என்றும் சொன்னாள். ராமசுப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் வந்தது.

"எந்திரிச்சிட்டான். நீங்க காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்" என்றார்.

"தூளு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

அவள் வைத்துவிட்டாள். ராமசுப்பு எழுந்து, வாசலில் காத்திருந்தவரின் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி பாசிப்பயறை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.